நோயாளியின் தட்டில் நமக்கு என்ன உரிமை?

 



ஷஅபான் மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ரமலான் வாசலில் நிற்கிறது. இந்த நாட்களில் பள்ளிவாசல் அறைக்கு வருபவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹள்ரத், எனக்கு இந்த நோய் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுறேன். நோன்பு வைக்கலாமா? என்ன சாப்பிடலாம்?"

கேள்வி சின்னதாகத் தெரியும். இமாம் மட்டும் பதில் சொல்வதில்லை. டீக்கடை பதில் சொல்லும், பக்கத்து வீடு பதில் சொல்லும், மாமியார் பதில் சொல்வார், வாட்ஸப் பதில் சொல்லும். நோயாளி ஒருவர், ஆலோசனை சொல்பவர்கள் நூறு பேர். ஒரு நோயாளி என்ன உண்ண வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தவறாகச் சொன்னால் மறுமையில் அதற்கு யார் பொறுப்பு? இன்று இதைத்தான் பேசப்போகிறேன். என் மீதே உள்ள ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

நான் சொன்ன பதில்

சில வருடங்களுக்கு முன்பு, இதே போல ஒரு ஷஅபான். அஸருக்குப் பிறகு ஒரு பாய் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்பவர். பல வருடங்களுக்கு முன் ஓர் அறுவை சிகிச்சையில் அவருக்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி என்று வந்துவிட்டது. கல்லீரலைத் தாக்கும் கிருமி. ரஜப் மாதம் பாதியில் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வாரம். ரமலான் முழுவதும் அதற்குள் வந்துவிடுகிறது.

"நோன்பு வைக்கலாமா ஹள்ரத்? வீட்டுல எண்ணெய், கறி, முட்டை எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. வெறும் கஞ்சியும் மோரும்தான். சரிதானே?" என்றார்.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா, கல்லீரல் எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார் என்று எதையும் கேட்கவில்லை. "தவக்குல் வையுங்க பாய். ஈரல் நோய்க்குப் பத்தியம்தான் முக்கியம், அதை விடாதீங்க. கீழாநெல்லி கிடைச்சா அரைச்சுக் குடிங்க. நோன்பே ஒரு மருந்து" என்று சொல்லி, ஓதி ஊதி அனுப்பிவிட்டேன். நோன்பு ஆரோக்கியம் தரும் என்று மேடைகளில் சொல்லப்படும் அந்த அறிவிப்பு பலவீனமானது என்று மதரஸாவில் படித்தவன் நான். தெரிந்தும் சொன்னேன்.

ஒன்பதாவது நோன்பு. அஸர் தொழுகை. இரண்டாவது ரக்அத்தில் எனக்குப் பின்னால் யாரோ விழுகிற சத்தம் கேட்டது. ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் அந்த பாய் பாயில் கிடக்கிறார். உடம்பெல்லாம் வேர்வை. ஆட்டோவில் அள்ளிப் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான்.

பெருநாள் கழிந்து அவரே என்னைப் பார்க்க வந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர் கடுமையா கேட்டாங்க ஹள்ரத். யார் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னதுன்னு. நான் உங்க பேரைச் சொல்லல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அவர் என் மரியாதையைக் காப்பாற்றிவிட்டார். நான் அவர் உயிரைக் காப்பாற்றும்படி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்காமல் சொன்னவர்கள்

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். ஸஹாபாக்களில் சிலர் பயணம் போனார்கள். ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். இரவில் அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார். இறந்துபோனார். செய்தி கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். அவரைக் கொன்றது அவர்கள்தான் என்ற பொருளில் பேசினார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்று கண்டித்தார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்டவர்களா? இல்லை. தீனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற அக்கறையில் சொன்னவர்கள். ஆனாலும் பெருமானாரின் கோபம் அவர்கள் மீது இறங்கியது. நல்ல எண்ணம் தவறான பதிலுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. அறிவில்லாமல் ஒருவரைக் கஷ்டப்படுத்தி, அதற்குப் பேணுதல் என்று பெயர் வைப்பது தீனில் இல்லை.

இந்த ஹதீஸைப் பலமுறை ஓதியவன்தான் நான். அன்றுதான் அதில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று தெரிந்தது. மறுவாரம் பாயோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரிடம், "இவரிடம் தவறாகச் சொன்னது நான்தான். எனக்குக் கற்றுக்கொடுங்கள்" என்று உட்கார்ந்தேன். அங்கே தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். இது மருந்துச் சீட்டு அல்ல. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

நோயும் மருந்தும்

ஹெபடைடிஸ் சி கிருமி 1989-ல் அடையாளம் காணப்பட்டது. அந்தப் பணிக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2020-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இது இரத்தத்தின் வழியாகப் பரவுவது. சரியாகப் பரிசோதிக்காத இரத்தம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஊசி, சுத்தம் செய்யாத கருவி, ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போடுவது ஆகியவை அதன் வழிகள். பல வருடங்கள் ஓர் அறிகுறியும் காட்டாமல் இருந்து கல்லீரலைச் சேதப்படுத்தும். சிலருக்கு சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடும்.

முன்பு இதற்கு இன்டர்ஃபெரான் ஊசி இருந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட வேண்டும். காய்ச்சல், வாந்தி, பசியின்மை, சோர்வு. பாதியில் விட்டவர்கள் ஏராளம். இன்று நிலைமை மாறிவிட்டது. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர், டக்ளடாஸ்விர் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம், தினமும் வாயால் சாப்பிடும் மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் நம் நாட்டின் அரசு சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

எகிப்து தேசத்தைப் பாருங்கள். உலகில் இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று. அங்கே 2018-ல் தொடங்கிக் கோடிக்கணக்கான மக்களைப் பரிசோதித்தார்கள். இலட்சக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டைப் பாராட்டித் தங்கத் தகுதி வழங்கியது. ரமலானும் நோன்பும் உள்ள முஸ்லிம் சமுதாயம்தான் அதுவும்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியிருக்கிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. இத்தனை காலம் மறைந்திருந்த ஒரு நிவாரணம் நம் வாழ்நாளில் வெளிப்பட்டிருக்கிறது. அது ஒரு நிஃமத். நிஃமத்துக்கு நன்றி செலுத்துவது அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது.

தயாராவதும் உண்பதும்

மாத்திரை ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரை, இதய மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குப் போடும் மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம், லேகியம் அனைத்தையும் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது. அமியோடரோன் என்ற இதய மருந்தோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவு குறையலாம். வெல்படாஸ்விர் உடம்பில் சேர வயிற்றின் அமிலம் தேவை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கிப் போட்டால் மருந்தின் பலன் குறையும். கிருமி குறையக் குறைய சர்க்கரையின் அளவும் இறங்கலாம்; பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டால் மயக்கம் வரும். நம் பாய்க்கு இதுவும் பட்டினியும் சேர்ந்துகொண்டது. ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் முன்பே பார்ப்பார்கள். சி கிருமி ஒழியும்போது மறைந்திருக்கும் பி கிருமி தலைதூக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்பட்டேன். "இந்த மாத்திரைக்கென்று தனிப் பத்தியம் கிடையாது" என்றார். எண்ணெயே இல்லாமல், உப்பே இல்லாமல், புரதமே இல்லாமல் வெறும் கஞ்சியில் வைத்தால் உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்னும். கல்லீரல் சுருங்கியவருக்கு அது மிகவும் கெடுதல். அவருக்குப் பருப்பு, முட்டை, மீன், கோழி, தயிர் என்று புரதம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். ஒரே தடவையில் வயிறு நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட வேண்டும். இரவு படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும். நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருப்பது அவருக்கு ஆகாது.

விட வேண்டியவை என்ன? மது. அது நமக்கு எப்போதும் ஹராம். ஆனாலும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்த ஊரில் குடிக்கிறவர் யாருமில்லை என்று நான் நடிக்க விரும்பவில்லை. கல்லீரல் நோய் உள்ளவருக்கு அது நெருப்பில் எண்ணெய். சரியாக வேகாத மீன், இறால், நண்டு போன்ற கடல் உணவு. எண்ணெயில் பொரித்ததும் இனிப்பும் அளவு மீறுவது. வயிற்றிலோ காலிலோ நீர் கோத்தவர்களுக்கு மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். இரும்புச் சத்து மாத்திரை கேட்காமல் எடுக்கக் கூடாது. பலருக்கு டீ, காப்பி குடிக்கலாமா என்ற சந்தேகம். கல்லீரல் நோயாளிகளுக்கு அளவான காப்பி கெடுதல் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர் சீனியைக் கவனிக்க வேண்டும்.

கருஞ்சீரகமும் தேனும்? இது இமாமிடம்தான் கேட்பீர்கள். இரண்டும் நம் நாயகம் புகழ்ந்தவை. அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் கரண்டி கரண்டியாகத் தேன் குடிப்பதும், கருஞ்சீரக எண்ணெயைக் குப்பியாக வாங்கிக் கணக்கில்லாமல் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதும் சுன்னத் ஆகாது. குழம்பில் போடும் அளவு வேறு, மருந்தாகக் குடிக்கும் அளவு வேறு. கீழாநெல்லியும் அப்படித்தான். டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

பேரீச்சங்குலையும் வாற்கோதுமையும்

நோயாளியின் உணவு விஷயத்தில் பெருமானாரின் வழிமுறை என்ன? உம்முல் முன்திர் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களோடு அந்த அம்மையாரின் வீட்டுக்கு வந்தார்கள். அலீ (ரலி) அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்தார்கள், பலவீனம் நீங்கவில்லை. வீட்டில் பேரீச்சங்குலைகள் தொங்கின. நாயகம் சாப்பிட ஆரம்பித்தார்கள். அலீயும் எழுந்து சாப்பிடக் கை நீட்டினார்கள். நீங்கள் இப்போதுதான் நோயிலிருந்து தேறியவர் என்று சொல்லி நாயகம் அவரைத் தடுத்தார்கள். அந்த அம்மையார் வாற்கோதுமையும் ஸில்க் என்னும் கீரையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டு வந்தபோது, இதிலிருந்து சாப்பிடுங்கள், இது உங்களுக்கு அதிகப் பயன் தரும் என்ற பொருளில் சொன்னார்கள்.

இதில் மூன்று பாடங்கள். ஒன்று: பேரீச்சம்பழம் ஹலால், பரக்கத் உள்ளது, நாயகமே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் இந்த மனிதருக்கு, இந்த நேரத்தில் அது வேண்டாம். நல்ல பொருள் என்பதால் எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று ஆகாது. இரண்டு: தடுத்தவர் அலீயின் உடல்நிலை என்னவென்று அறிந்து தடுத்தார்கள். மூன்று: தடுத்ததோடு விட்டுவிடவில்லை. இன்னொரு தட்டு வந்தபோது அதைக் காட்டி உண்ணச் சொன்னார்கள்.

நாம் எதைச் செய்கிறோம்? தடுப்பது மட்டும். அதைச் சாப்பிடாதே, இதைத் தொடாதே, அது சூடு, இது குளிர்ச்சி. நோயாளியின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறோம். கடைசியில் தட்டு காலி. மாற்றாக எதையும் வைக்கவில்லை. சுன்னத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுன்னத் ஆகாது.

கஷ்டத்தில்தானே நன்மை?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "நோய் பாவங்களை உதிர்க்கும் என்கிறோம். பொறுமைக்கு நன்மை என்கிறோம். ஒருவர் நோயோடும் நோன்பு வைத்துக் கஷ்டப்பட்டால் அவருக்குக் கூடுதல் நன்மைதானே? சாப்பிடு, மாத்திரை போடு, ஓய்வெடு என்பது நஃப்ஸுக்குத் தீனி போடுவது ஆகாதா?"

அந்த பாயின் மனதிலும் இதுதான் இருந்தது. "முப்பத்தைந்து வருஷமா ஒரு நோன்பு விட்டதில்ல ஹள்ரத். இந்த வயசுல விட்டுட்டு அல்லாஹ்கிட்ட என்ன முகத்தோட போவேன்?" என்று அழுதார்.

அல்லாஹ் தரும் கஷ்டம் வேறு, நாம் உண்டாக்கிக்கொள்ளும் கஷ்டம் வேறு. நோய் அவனிடமிருந்து வந்தது. அதில் பொறுமை காத்தால் நன்மை. பட்டினி கிடந்து மயங்கி விழுவது அவன் கேட்காதது. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அனுமதி கொடுத்து, உங்களுக்கு எளிதானதையே விரும்புகிறேன், சிரமத்தை விரும்பவில்லை என்ற கருத்தை நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில், அல்பகரா அத்தியாயத்தில், அவனே சொல்லிவிட்டான். எஜமான் வேண்டாம் என்ற வேலையை வற்புறுத்திச் செய்யும் அடிமை எஜமானுக்குக் கீழ்ப்படிகிறானா, தன் ஆசைக்குக் கீழ்ப்படிகிறானா? நஃப்ஸ் சோற்றை மட்டும் கேட்பதில்லை. நான் எந்த நோன்பையும் விடாதவன் என்ற பெருமையையும் அதுதான் கேட்கிறது.

உடம்பு நமக்குச் சொந்தமில்லை, அமானிதம். அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, விருந்துக்கு வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று அமர்ந்துகொண்டார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு என்று விளக்கினார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று பெருமானார் (ஸல்) அவர்களே உறுதிப்படுத்தினார்கள். அதுவும் நஃபிலான நோன்பு, ஆரோக்கியமான மனிதர். நோயாளியின் உடம்புக்கு எவ்வளவு உரிமை இருக்கும்!

தவக்குல்? உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேட்டுத் திரும்ப முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் உமர் பதில் கொடுத்தார்கள். நோயும் அவன் விதி, மாத்திரையும் அவன் விதி, முட்டையும் பருப்பும் அவன் விதி. ஒரு விதியை ஏற்று மற்றதைத் தள்ளுவது தவக்குல் அல்ல.

நோன்புச் சட்டம்

அப்படியானால் இந்த மாத்திரை சாப்பிடும் எல்லோரும் நோன்பை விடலாமா? இல்லை. சலுகை என்பது சாக்கு அல்ல. இந்த மாத்திரை பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு வேளை. கல்லீரல் சுருக்கம் இல்லாத, சர்க்கரை இல்லாத, உடல் தெம்பாக உள்ள ஒருவருக்கு, இஃப்தாரிலோ ஸஹரிலோ தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை எடுத்துக்கொண்டு நோன்பு வைக்கலாம் என்று டாக்டர் அனுமதிக்கலாம். அவர் அனுமதித்தால் வையுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். உங்கள் நிலைமைக்கு உங்கள் மனமே சாட்சி. வெளியே ஆயிரம் காரணம் சொன்னாலும் உள்ளே உண்மை என்னவென்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

விட்ட நோன்புக்கு என்ன? இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குணமாகும் என்று எதிர்பார்க்கும் நோயாளி, குணமான பின் களா செய்ய வேண்டும். குணமாகாது, இனி நோற்கவே முடியாது என்ற நிலையில் உள்ளவர்தான் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுப்பார். இந்த நோயில் பன்னிரண்டு வாரத்தில் குணமாவோர் அதிகம். ஆகவே அவர்கள் ஃபித்யா கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்க முடியாது; களா அவர்கள் மீது நிற்கிறது. கிருமி ஒழிந்தாலும் கல்லீரல் சுருக்கம் நின்றுவிட்டவர், நீண்ட நேரம் பசியோடு இருக்கவே கூடாது என்று நம்பிக்கையான டாக்டர் சொன்னால் ஃபித்யா கொடுப்பார். மருந்து முன்னேறினால் சட்டம் பொருந்தும் இடமும் மாறுகிறது. அதனால்தான் டாக்டரைக் கேட்காமல் இமாம் பதில் சொல்ல முடியாது.

தனித் தட்டு

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

அந்த வருடம் ஒரு வலீமா விருந்து. நம் வழக்கப்படி சஹனில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். நம் பாய் மட்டும் ஓரத்தில் ஒரு பாக்கு மட்டைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஏன் பாய் என்று கேட்டேன். "பழகிடுச்சு ஹள்ரத். வீட்டுலயும் தட்டு, டம்ளர் எல்லாம் தனிதான். மருமகளைக் குறை சொல்ல முடியாது, பயப்படுது. பேரனை மடியில வச்சு ஊட்டி நாலு மாசம் ஆச்சு" என்றார்.

சகோதரர்களே, கவனமாகக் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி சாப்பாட்டில் பரவாது. தண்ணீரில் பரவாது. ஒரே தட்டில் உண்பதால், ஒரே டம்ளரில் குடிப்பதால், முஸாஃபஹா செய்வதால், கட்டித் தழுவுவதால், குழந்தையை மடியில் வைப்பதால் பரவாது. இரத்தத்தில்தான் பரவும். பிரிக்க வேண்டியது தட்டை அல்ல. சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றை. ஹிஜாமா செய்பவர், கத்னா செய்பவர், முடி இறக்குபவர் ஒவ்வொருவருக்கும் புதுப் பிளேடு பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள். உம்ராவில் தலை மழிக்கும்போதும் பாருங்கள். அங்கே யாரும் பயப்படுவதில்லை. பயம் வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது.

"இது எப்படி வந்துச்சு?" என்று யாரிடமும் துருவிக் கேட்காதீர்கள். இரத்தம் ஏற்றியதில் வந்திருக்கலாம், டயாலிசிஸில் வந்திருக்கலாம். ஒருவேளை அவர் மறந்து தவ்பா செய்துவிட்ட ஒரு பழைய வாழ்க்கையில் வந்திருக்கலாம். அது அவருக்கும் ரப்புக்கும் இடையில். நோயை மறைக்கும்படி நாம் வெட்கப்படுத்தினால், அவர் பரிசோதனைக்கே போக மாட்டார்.

நானும் டாக்டர் சொன்னதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் விளக்கினேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். "யாருமே எங்களுக்கு இதைச் சொல்லலியே ஹள்ரத்" என்றாள். உண்மைதான். அறிவு வரவேண்டிய இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துவிட்டது.

பாய் 84 மாத்திரைகளையும் ஒன்றுவிடாமல் முடித்தார். முடித்துப் பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் குணமானதா என்ற பரிசோதனை. முஹர்ரம் முதல் வாரத்தில் முடிவு வந்தது. இரத்தத்தில் கிருமி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கல்லீரல் சுருக்கம் மட்டும் இருக்கிறது. அதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஃபித்யா கொடுக்கிறார். இரவு படுக்கும் முன் பாலும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிடுகிறார். பேரன்தான் எடுத்து வந்து கொடுக்கிறான். "நிய்யத்தோட சாப்பிடுறேன் ஹள்ரத்" என்றார். நோன்பு நோற்றபோது அவர் கீழ்ப்படிந்தார். இப்போது பிஸ்கட் சாப்பிட்டுக் கீழ்ப்படிகிறார். ஒரே ரப்பின் கட்டளை.

நேற்று வரை அவர் என் பெயரை அந்த டாக்டரிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இன்று உங்கள் அனைவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இனி யாராவது நோயோடு வந்து, "என்ன சாப்பிடலாம்? நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டால், நமக்கு முதலில் வர வேண்டிய சொல்: "டாக்டர் என்ன சொன்னார்?" தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதுவும் இல்முதான். அவரோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த உரிமை நமக்கு நிச்சயமாக உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நற்கூலி வழங்குவாயாக! நீ கொடுத்த சலுகைகளை நன்றியோடு ஏற்கும் மனத்தையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் எங்களுக்குத் தருவாயாக! அறியாமல் நாங்கள் பிறருக்கு இழைத்த தீங்குகளை மன்னிப்பாயாக! ரமலானை ஆரோக்கியத்தோடு அடையும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் நல்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.